ஒரு கால் வித்தியாசம்

போக்குவரத்துக் கழகத்தில் சாரி சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது. அதற்காகக் கழகத்தைத் திமிர் பிடித்தது என்று நினைத்துவிடக் கூடாது. கழகம் நாள் முழுக்க சாரி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. பணிமனைக்குத் திரும்பும் காலிப் பேருந்தின் நெற்றியில் ‘சாரி, இந்த வண்டி சேவையில் இல்லை’ என்று மஞ்சள் எழுத்து ஓடும். புகார் சொல்லலாம் என்று போன் போட்டால் ஒரு பெண் குரல், ‘சாரி, எங்கள் அலுவலர்கள் எல்லோரும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள்’ என்று குழையும். தலைமை அலுவலகத்தின் கழிப்பறைக் கதவில்கூட ஒரு சாரி ஒட்டியிருக்கிறது. பலகை சொல்லலாம், இயந்திரம் சொல்லலாம், கதவு சொல்லலாம். சம்பளம் வாங்குகிற மனிதர் சொன்னால் மட்டும் அது குற்ற ஒப்புதல். வேலைக்குச் சேருகிற அன்றே இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

நம்முடைய ஓட்டுநரும் அப்படிக் கையெழுத்துப் போட்டவர்தான். படித்துப் பார்த்தா போட்டார் என்று கேட்காதீர்கள். வேலை கிடைக்கிற சந்தோஷத்தில் இருப்பவன் நீட்டிய இடத்திலெல்லாம் போடுவான். கொஞ்சம் பருத்த உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத தணிந்த குரல். அந்தக் குரலும் தேவைப்பட்டால்தான் வெளியே வரும். அதனால் பணிமனையில் அவருக்கு மௌனம் என்று பேர் வைத்திருந்தார்கள். மௌனம் ஓட்டுகிற வண்டியில் பிரேக் போடுவதே தெரியாது, நிம்மதியாகத் தூங்கலாம் என்பார்கள். வாயைத் திறக்காத அந்த மனிதர், பேசிய குற்றத்துக்காகப் பிடிபட்டார்.

நடந்தது இதுதான். அன்று காலை ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கடைசியாக ஏறியவர் ஒரு தையல்காரம்மா. கடைத்தெருவில் சின்னதாகக் கடை வைத்திருப்பவர். கையில் துணி மூட்டை. வாசலில் இருக்கும் கருவியில் பயண அட்டையைத் தட்டிவிட்டு இடம் தேடிப் பின்னால் நடந்தார். ஏறியவர்கள் உட்கார்ந்தார்களா, கம்பியையாவது பிடித்தார்களா என்று தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் மௌனம் வண்டியை எடுப்பார். அன்று பார்க்கப் போன நேரத்தில் ஸ்டியரிங் பக்கத்து வயர்லெஸ் பெட்டி கரகரத்தது. கட்டுப்பாட்டு அறை.

“லேட்டா ஓடிக்கிட்டிருக்கீங்க. சட்டுனு வண்டிய எடுங்க. சரியா?”

“சரி சார்” என்றார் மௌனம். சொன்ன வேகத்தில் கால் அழுத்திவிட்டது. பின்னால் தடால் என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ‘ஐயோ’ என்று ஒரு குரல்.

வண்டியை நிறுத்திவிட்டு ஓடினார். தையல்காரம்மா இருக்கைகளுக்கு நடுவே கிடந்தார். வலது மணிக்கட்டு பார்க்கச் சகிக்காத கோணத்தில் திரும்பியிருந்தது. மௌனம் மண்டி போட்டு உட்கார்ந்து, என்ன சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்தார். பெட்டி வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கட்டுப்பாட்டு அறை அலறியது.

“எதுவும் பேசாதீங்க! வாயையே திறக்கக் கூடாது. உங்க சீட்டுல போய் உக்காருங்க!”

மௌனம் போய் உட்கார்ந்தார். இத்தனை வருடமாக அந்தப் பெட்டி சொன்னதைக் கேட்டே பழகிய உடம்பு, தானாகவே எழுந்து போய் உட்கார்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி எதிரிலேயே இருந்ததால் ஆட்கள் வந்து தையல்காரம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இறங்கும்போது அவர் ஓட்டுநரைத் திரும்பிப் பார்த்தார். மௌனம் முன்கண்ணாடிக்கு வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகத் தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு அப்புறம் பல தடவை தோன்றியது.

மறுநாள் ஸ்டியரிங்கைப் பறித்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை பணிமனை வராந்தாவில் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உத்தரவு. வண்டிகள் கிளம்புவதையும் திரும்புவதையும் பார்த்துக்கொண்டு அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். எதிரே போகிற ஒவ்வொரு வண்டிக்கும் அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

விசாரணை அதிகாரி கழகத்தின் துணை மேலாளர். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார். எழுதுவதற்கு அடுத்தவரிடம் கடன் வாங்குவார். மேஜைமேல் ஒரு கருவியை வைத்து ஒலிப்பதிவை ஓட்டிக் காட்டினார். பெட்டியில் பதிவானது அது. தணிந்த குரலில் இரண்டு சொல். தடால். ஐயோ.

“கேட்டீங்களா? சாரி சார்னு சொல்லியிருக்கீங்க.”

“சரி சார்னு சொன்னேன் சார்.”

“எனக்கு சாரின்னுதான் கேக்குது. சரி, அதை விடுங்க. இதுல கவனிக்க வேண்டிய விஷயம் வேற. தடாலுக்கு முன்னாடி சாரி வருது. அந்தம்மா விழறதுக்கு முன்னாலயே சாரி சொல்லியிருக்கீங்க. அப்படின்னா விழப்போறாங்கன்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு.”

மௌனத்துக்குத் தலை சுற்றியது. “கட்டுப்பாட்டு அறையில இருந்து பேசினாங்க சார். வண்டிய எடுங்க, சரியான்னு கேட்டாங்க. அதுக்குத்தான் சரின்னேன்.”

“அவங்க குரல் இதுல எங்க இருக்கு?”

“அதிகாரிங்க குரல் பதிவாகாதுன்னு சொல்லுவாங்களே சார்.”

“ஆமா. அது விதி. அவங்க பேசறதைப் பதிவு பண்ணினா அவங்களால எப்படிச் சுதந்திரமா பேச முடியும்? பொறுப்புல இருக்கறவங்களுக்கு ஒரு பாதுகாப்பு வேணும் இல்லையா?” துணை மேலாளர் இதைப் பெருமையாகவே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒண்ணு நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. அந்தம்மா வீட்டுப் பக்கமோ கடைப் பக்கமோ தலை வச்சுப் படுக்கக் கூடாது. அவங்ககிட்ட ஒரு சாரி வெளியில போச்சுன்னா ஸ்டியரிங்கை நீங்க மறந்துட வேண்டியதுதான்” என்றார்.

பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் கழகத்துக்குப் பொறுக்காது. அதனால் சொல் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தார்கள். வாய் தவறி சாரி சொன்ன ஊழியர்கள் இன்னும் சிலர் அங்கே இருந்தார்கள். சில்லறை தவறிப்போய் சாரி சொன்ன டிக்கெட் பரிசோதகர் ஒருவர். போன் சரியாகக் கேட்காமல் ‘சாரி?’ என்று கேட்ட விசாரணைப் பிரிவுப் பெண் ஒருவர். பயிற்சியாளர் அம்மா கரும்பலகையில் மாற்றுச் சொல்லை எழுதிப் போட்டு எல்லோரையும் கோரஸாகச் சொல்ல வைத்தார்.

“நி-கழ்-வு க-வ-னிக்-கப்-பட்-டது.”

“பயணி மேல இடிச்சுட்டீங்க. என்ன சொல்லுவீங்க?”

“நிகழ்வு கவனிக்கப்பட்டது.”

“பயணி செத்துப்போயிட்டாரு. அவங்க வீட்டுக்காரங்க வந்து நிக்கறாங்க. என்ன சொல்லுவீங்க?”

வகுப்பு கொஞ்சம் தயங்கிவிட்டு, “நிகழ்வு கவனிக்கப்பட்டது” என்றது. பயிற்சியாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சுற்றி வருகிற உற்சாகத்தில் குதிகால் செருப்போடு மௌனத்தின் காலை நன்றாக மிதித்துவிட்டார். மௌனத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பயிற்சியாளர் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “நிகழ்வு கவனிக்கப்பட்டது” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்.

அன்று சாயங்காலம் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தவரை மனைவி என்ன ஏது என்று கேட்கவில்லை. அவருக்குச் சொல்ல வேறு விஷயம் இருந்தது.

“அந்தத் தையல்காரம்மாவைப் பார்த்துட்டு வந்தேன்.”

“ஐயையோ. போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கடி.”

“உங்களைத்தானே சொன்னாங்க? நான் துணி தைக்கக் குடுக்கப் போனேன். அதுக்குமா உங்க ஆபீஸ்ல தடை?” என்றார் மனைவி. “கடை பூட்டியிருந்துச்சு. பின்னாடியே வீடு. வலது கையில கட்டு. பாதி தைச்ச துணியெல்லாம் மிஷின் மேல அப்படியே கிடக்கு. நான் யாருன்னு சொல்லிட்டேன்.”

மௌனம் சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். “திட்டினாங்களா?”

“திட்டியிருந்தாத்தான் பரவாயில்லையே. பஸ்ல விழறது புதுசில்லம்மா, யாரும் வேணும்னு தள்ளி விடறதில்லன்னாங்க. ஆனா அந்த மனுஷன் பக்கத்துல வந்து உக்காந்துட்டு, ஒரு வார்த்தை பேசாம எழுந்து போனாரே, அதைத்தான் நெனச்சுக்கிட்டே படுத்திருக்கேன்னாங்க.”

“நீ சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? என் சார்பா?”

“நான் எதுக்குச் சொல்லணும்? பார்க்காம வண்டிய எடுத்தது நானா?” என்று மனைவி தட்டை இழுத்துக்கொண்டார். “நீங்க சொல்லணும். அதுக்கு ஆளு வச்சா சொல்லுவாங்க?”

மனைவி சொன்னதில் ஒரு குறையும் இல்லை. பார்க்காமல் எடுத்தது தான்தான் என்று மௌனத்துக்குத் தெரியும். பெட்டி கத்தியது வேறு விஷயம். கழுத்தைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? போய் அந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னால் தூக்கம் வரும். ஆனால் சொன்னால் ஸ்டியரிங் போய்விடும். ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடிக்க அவருக்குத் தெரியாது. எழுந்து போய் எல்லாப் பாத்திரங்களையும் தேய்த்துக் கவிழ்த்தார்.

அடுத்த கட்டமாகக் கழகம் ஒரு குழு அமைத்தது. சாரிக்கு அர்த்தம் சொல்ல வெளியிலிருந்து சொல் ஆலோசகர் ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர். பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் தொண்டைக்கு ஒரு மிட்டாயை எடுத்துப் போட்டுக்கொண்டார். மௌனத்தை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசினார்.

“சாரிங்கறது லேசுப்பட்ட வார்த்தை இல்லைங்க. நாம இடிச்சாலும் சாரி, நம்மள ஒருத்தன் இடிச்சாலும் சாரி. காதுல விழலைன்னா சாரி. உதவி கேட்டு வந்தவனுக்கு இல்லைன்னு சொல்ல சாரி. ரூம் கதவைத் தட்டினா சாரி. செத்த வீட்டுல சாரி. தூங்கிக்கிட்டிருக்கிற பக்கத்து சீட்டுக்காரனை எழுப்பறதுக்கு சாரி. பசங்க டீச்சர் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு சாரி, அடிச்ச பிறகு ஒரு சாரி. இங்கிலீஷ்காரன் குடுத்த ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு நம்ம ஆளுங்க ஒரு குடும்பமே நடத்தறாங்க. இதுல நீங்க சொன்னது எந்த சாரி?”

“நான் எந்த சாரியும் சொல்லலை சார்.”

“அது எத்தனாவது அர்த்தம்?” என்று துணை மேலாளர் ஆலோசகரைக் கேட்டார்.

ஆலோசகர் யோசித்துவிட்டு, “அதை அப்புறம் பார்ப்போம். முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. நீங்க சாரி சொன்னீங்களா, சாரி கேட்டீங்களா?”

“ரெண்டும் இல்ல சார்.”

“ஜனங்க ‘சாரி கேட்டான்’னுதான் பேசறாங்க. மன்னிப்பைக் கேக்கலாம், எதிராளி குடுப்பான். சாரியைக் கேட்டா யார் குடுக்கறது? நீங்க கேட்டிருந்தா, கழகம் அந்தம்மாகிட்டக் கையேந்தின மாதிரி ஆயிடும். சொல்லியிருந்தா, கழகம் ஏதோ கொடுத்த மாதிரி ஆயிடும். ரெண்டுமே கழகத்துக்கு நல்லதில்லை.”

துணை மேலாளர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குமாஸ்தா விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். ஆலோசகர் இன்னொரு மிட்டாயைப் போட்டுக்கொண்டு முக்கியமான கட்டத்துக்கு வந்தார்.

“இப்ப நேரா விஷயத்துக்கு வருவோம். சரிக்கும் சாரிக்கும் நடுவுல ஒரே ஒரு கால்தான் வித்தியாசம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கால் இருந்துச்சா, இல்லையா?”

மௌனம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாளில் உருப்படியாகக் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது என்று அவருக்குத் தோன்றியது. “இருந்துச்சு சார். மறைக்க மாட்டேன்.”

“அழுத்தமா இருந்துச்சா?”

“கொஞ்சம் அழுத்தமாத்தான் சார். வழக்கமா அப்படி அழுத்த மாட்டேன். அவசரப்படுத்தினதால அழுந்திருச்சு.”

“எவ்வளவு நேரம் இழுத்துச்சு?”

“உடனே எடுத்துட்டேன் சார். சத்தம் கேட்டதும் எடுத்து பிரேக்ல வச்சுட்டேன்.”

“எதுல வச்சீங்க?”

“பிரேக்ல.”

ஆலோசகரும் துணை மேலாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுத்தில் போடுகிற துணைக்காலை அவர்கள் கேட்டார்கள் என்று மௌனத்துக்கு யாரும் சொல்லவில்லை. குமாஸ்தா அதற்குள், ‘சொல்லில் கால் இருந்ததாகவும், அழுத்தமாக இருந்ததாகவும், பின்னர் அதை எடுத்துவிட்டதாகவும் ஓட்டுநர் ஒப்புக்கொண்டார்’ என்று எழுதி முடித்திருந்தார்.

விஷயம் புரிந்தபோது மௌனம் பதறிப்போய், அது என் சொந்தக் கால் என்று தொடையைத் தட்டிக் காட்டினார். சொந்தக் காலா, கழகத்தின் காலா என்பது விசாரணை வரம்புக்குள் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் வழக்கமாக அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று தெரிந்தால் குழப்பம் தீரும் என்று ஆலோசகர் அபிப்பிராயப்பட்டார். அதனால் மனைவியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“வீட்டுல இவர் சாரிங்கற சொல்லை எந்தப் பொருள்ல பயன்படுத்துவார்?”

“பேச்சு போதும், ஆளை விடுங்கற பொருள்ல.”

“அப்ப தப்பை ஒத்துக்கற மாதிரி இருக்காது?”

“கல்யாணமானதுல இருந்து அப்படி ஒரு நாள் வருமான்னுதான் நானும் பார்க்கறேன்” என்றார் மனைவி. “நிஜமா மனசு கஷ்டப்பட்டா இவருக்கு வாயே வராது சார். பாத்திரம் தேய்ப்பாரு. இப்ப ரெண்டு வாரமா என்னைப் பாத்திரத்தைத் தொடவே விடலை.”

குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டுத் துணை மேலாளரைப் பார்த்தார். அவர் எழுத வேண்டாம் என்று கை காட்டினார்.

“சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்” என்றார் மனைவி. “அந்தம்மாகிட்ட ஒரு தடவை போய்ச் சொல்லிட்டு வர விடுங்களேன். அவங்க கேஸ் கீஸ்னு போற ஆள் மாதிரித் தெரியலை. ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. இவரும் தூங்க மாட்டேங்கறாரு.”

துணை மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரல் உண்மையாகவே இளகிவிட்டது.

“அம்மா, உங்க கஷ்டம் புரியுது. கழகத்துக்கு மனசு இல்லைன்னு நினைக்காதீங்க. இருக்கு. நாங்களும் வருத்தப்படறோம். ஒவ்வொரு வருஷமும் எத்தனை பேருக்கு வருத்தப்பட்டோம்னு கணக்கு எடுத்து மேல அனுப்பறோம். ஆனா வருத்தத்தை உள்ளுக்குள்ள வச்சுக்கணும்மா. வெளியில காட்டினா சம்பந்தப்பட்டவங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும்.”

 மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

முடிவு சொல்லும் நாளும் வந்தது. ஆலோசகர் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி அந்த இரண்டு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.  கடைசியில் கருவியைக் கழற்றிவிட்டு, “குறில்” என்றார். “சந்தேகமே இல்லை. கால் கிடையாது. இவர் சொன்னது சரி.”

மௌனம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். நன்றி சொல்லலாமா, அதற்கும் ஏதாவது அர்த்தம் இருக்குமா என்று யோசித்துப் பேசாமல் இருந்துவிட்டார். அவரைத் தவிர அந்த அறையில் யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

“சரின்னு சொன்னாருன்னா, யாரோ எதையோ கேட்டிருக்கணுமே” என்றார் துணை மேலாளர் மெதுவாக.

“கட்டுப்பாட்டு அறைதான் சார், வண்டிய எடுக்கச் சொல்லி...”

“உங்களைக் கேக்கலை.”

அப்புறம்தான் எல்லோருக்கும் நிலைமை உறைத்தது. சாரி என்றால் ஓட்டுநர் மேல் தப்பு. சரி என்றால் ஓட்டச் சொன்னவர் மேல் தப்பு. ஓட்டச் சொன்னவருக்கு நேரம் குறித்துக் கொடுத்தவர் யார் என்று ஒரு கேள்வி வரும். நேரம் குறித்துக் கொடுப்பது துணை மேலாளர். சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டார்கள். வழக்கத்தைவிட நீண்ட இடைவேளை.

திரும்பி வந்ததும் குழு முழுவதும் பணிமனை முற்றத்துக்கு இறங்கியது. மௌனத்தின் பழைய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டு முன்கதவைத் திறக்கச் சொன்னார்கள். காற்றழுத்தத்தில் இயங்கும் கதவு ‘ச்ச்சர்ரீ’ என்று திறந்தது.

“கேட்டீங்களா?” என்றார் துணை மேலாளர்.

“இன்னொரு தடவை” என்றார் ஆலோசகர். கதவு மூடியது. “அடடா. திறக்கும்போது சரிங்குது, மூடும்போது சாரிங்குது. உச்சரிப்பு என்ன சுத்தம்!”

“பதிவுல சார்னும் ஒரு வார்த்தை இருக்கே சார்?” என்று குமாஸ்தா தெரியாமல் கேட்டுவிட்டார். பின்கதவைத் திறந்து காட்டினார்கள். கொஞ்சம் பிரியப்பட்டுக் கேட்டால் அது சார் என்றும் சொல்லியது.

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. சம்பவ நேரத்தில் ஓட்டுநர் எதுவும் பேசவில்லை. யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பதிவானது கதவின் ஒலி. கதவுகளுக்கு எண்ணெய் போட வேண்டும். ஓட்டுநருக்கு மறுபடியும் ஸ்டியரிங் கொடுக்கலாம். கீழே கையெழுத்துப் போட ஓர் இடம் விட்டிருந்தார்கள்.

“நான் பேசினேனே சார்” என்றார் மௌனம்.

“உங்களுக்கு வண்டி வேணுமா, வேண்டாமா?” என்றார் துணை மேலாளர். அவரும் களைத்துப் போயிருந்தார். “எல்லாரும் தப்பிச்சாச்சு. கழகம் தப்பிச்சுது, நீங்க தப்பிச்சீங்க. கதவு ஒண்ணும் தப்பா நினைச்சுக்காது. ஆனா ஒண்ணு. அந்தம்மாகிட்ட நீங்க சாரி சொன்னதா எப்பவாவது பதிவாச்சுன்னா இதெல்லாம் பொய்யுன்னு ஆயிடும். அப்புறம் இந்த ஜென்மத்துல உங்களுக்கு வண்டி கிடையாது.”

மௌனம் கையெழுத்துப் போட்டார். குறை சொல்லாதீர்கள். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் அலுத்துப்போயிருந்தார். நாமாக இருந்தாலும் போட்டிருப்போம்.

வண்டி திரும்பக் கிடைத்தது. தலைக்கு மேல் புதிதாக ஒரு ஒலிவாங்கி வைத்திருந்தார்கள். அதில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. கதவுகளுக்கு எண்ணெய் போட்டிருந்ததால் அவை இப்போது ஒன்றுமே சொல்லவில்லை. மௌனமும் ஒன்றும் சொல்லவில்லை. ஏறியவர்கள் உட்காரும்வரை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெட்டி கத்தினால் கத்தட்டும் என்று விட்டுவிடுவார். வீட்டில் இன்னமும் அவர்தான் பாத்திரம் தேய்த்தார்.

ஒரு நாள் காலை ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் தையல்காரம்மா ஏறினார். கட்டைப் பிரித்திருந்தார்கள். மணிக்கட்டில் துணிப் பட்டி ஒன்று சுற்றியிருந்தது. இடது கையால் அட்டையைத் தட்டினார். ஓட்டுநரை அடையாளம் தெரிந்துகொண்டார் என்பது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது.

மௌனம் சிவப்புப் புள்ளியைப் பார்த்தார். பிறகு கதவு பக்கம் திரும்பி, “சாரிம்மா” என்றார்.

தணிந்த குரல். எஞ்சின் வேறு உறுமிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா நின்று திரும்பினார். “என்ன சரி? எங்க சரியாச்சு? கத்தரிக்கோல் பிடிக்க முடியலை இன்னும்.”

ஒலிவாங்கிக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும். அத்தோடு விட்டிருந்தால் கழகம் பார்த்துக்கொண்டிருக்கும். எண்ணெய் போதவில்லை என்று எழுதியிருப்பார்கள். மௌனம் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். எழுந்து நின்றார். வண்டிக்குள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“சாரின்னு சொன்னேம்மா” என்றார். தன் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கே அதுவரை தெரியாது. “அன்னைக்கு நீங்க உக்காந்தீங்களான்னு பார்க்காம எடுத்துட்டேன். என் தப்புதான். அப்புறம் பேசாம வேற எழுந்து போயிட்டேன். சாரி.”

தையல்காரம்மா பட்டி சுற்றிய கையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதைச் சொல்ல இவ்வளவு நாளா?”

“ஆமாம்மா.”

“சரி” என்றார் அவர். அழுகிற மாதிரி வந்ததை அடக்கிக்கொண்டு, “சரி, விடுங்க. ஜனங்க வேலைக்குப் போகணும்” என்று சொல்லிவிட்டு முன்வரிசையிலேயே உட்கார்ந்தார்.

மௌனம் இருக்கைக்குத் திரும்பி எஞ்சினை முடுக்குவதற்குள் பெட்டி கரகரத்தது. அதே குரல். ஆனால் இன்று அது அலறவில்லை. பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் ரகசியமாக வந்தது.

“என்னங்க சத்தம் அங்க? கதவுதானே?”

மௌனம் சாவியைத் திருப்பி எஞ்சினை முடுக்கினார்.

“கதவுன்னு சொல்லுங்க, நான் அப்படியே எழுதிக்கறேன்” என்றது குரல். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. “இல்லைன்னா சரின்னுதான் சொன்னேன்னு சொல்லுங்க. குறில்தானே? கால் இல்லைதானே?”

“கால் இருக்கு சார்” என்றார் மௌனம். “நல்லா நீட்டித்தான் சொன்னேன். எழுதிக்குங்க.”

பெட்டியில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. மௌனம் தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தார். கடைசி வரிசையில் ஒருவர் இன்னும் இடம் தேடிக்கொண்டிருந்தார். அவர் உட்காரும்வரை காத்திருந்தார். தையல்காரம்மா இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தார். அதையும் பார்த்துக்கொண்டுதான் காலை அழுத்தினார்.